ஏறாத ஷட்டர்

"எனக்கு ராசியே கிடையாது டீச்சர்."

காலங்காத்தாலே வந்து நின்ற சங்கரபாண்டியன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். நல்லா இருக்கீங்களா, காப்பி குடிச்சாச்சா, ஒன்றும் கிடையாது. நாற்பது தாண்டிய மனுஷன், மூக்கால் அழுதுகொண்டு நின்றார்.

டீச்சர் என்றால் செண்பகவல்லி. அவரைவிடப் பல வயசு இளையவர். கோவில்பட்டியில் சைக்கிள் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, வேலை தேடுகிறவர்களுக்கு இன்டர்வியூ பழக்கிவிடுவார். அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்தவனுக்கு வேலை நிச்சயம் என்று ஊரில் பேச்சு. அதிகம் பேசமாட்டார். பேசினால் சுருக்கென்று இருக்கும்.

அன்றைக்கு அவர் குனிந்து தன் அறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். அது முழங்கால் உயரத்துக்கு வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

"குடோன் வேலை பாத்த மில்லை மூடினதுலேருந்து நான் ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல டீச்சர். எல்லாரும் சொல்லி அனுப்புறோம்னு சொல்றாங்க. ஒருத்தனும் சொல்லி அனுப்பல."

"ம்."

"நாளைக்கு ஒரு பஞ்சு மில்லுல கூப்பிட்டிருக்காங்க. அதே குடோன் வேலைதான். இதுவும் போச்சுன்னா சூரத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான். மச்சான் கூப்பிடுறான். தனியாத்தான் போகணும். மகளை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்?"

பாவம், மகள் என்றால் உயிர் அவருக்கு.

"சரி அண்ணாச்சி. இப்ப நான்தான் மேனேஜர். உங்களைப் பத்திச் சொல்லுங்க."

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை ஷட்டரிலேயே இருந்தது.

சங்கரபாண்டியன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"குட் மார்னிங் மேடம். மை நேம் இஸ் சங்கரபாண்டியன்…"

ஷட்டர் கிறீச் என்றது. ஏறவில்லை.

"…கடின உழைப்பாளி. எல்லாரோடயும் அனுசரிச்சுப் போவேன்…"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைக் கொடுத்துத் தூக்கினார். ஒரு பக்கம் ஏறியது, மறு பக்கம் கோணிக்கொண்டது.

"கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி."

தள்ளி நின்றார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"…ஒரு பிரச்சினைன்னா பார்த்த மாத்திரத்துல கண்டுபிடிச்சுச் சரி பண்ணிடுவேன்…"

டீச்சர் ஷட்டருக்கு ஒரு உதை விட்டார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

சங்கரபாண்டியன் "தேங்க் யூ மேடம்" என்று முடித்தார். ஒரு வார்த்தை பிசகவில்லை. முகத்தில் பெருமை.

"உங்களுக்கு வேலை இல்ல. போயிட்டு வாங்க," என்றார் டீச்சர்.

"என்ன டீச்சர் இது? எங்க தப்பு விட்டேன்?"

டீச்சர் எழுந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கை முழுக்கத் துரு.

சங்கரபாண்டியன் உற்று உற்றுப் பார்த்தார். "கையை நீட்டிப் பேசக்கூடாதுங்கிறீங்களா?"

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி."

வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனார். இந்தம்மாவுக்கு என்ன திமிர்! ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

மறுநாள் மில் வாசலில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டியன் சட்டை கசங்காமல் லாரிகளுக்கு நடுவே நுழைந்து போனார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மை நேம் இஸ் சங்கரபாண்டியன்.

மேனேஜருக்குத் தூக்கம் கெட்ட முகம்.

"உட்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"குட் மார்னிங் சார். மை நேம் இஸ் சங்கரபாண்டியன். கடின உழைப்பாளி…"

மேனேஜர் தலையாட்டினார். கண் ஜன்னலுக்குப் போனது.

"…எல்லாரோடயும் அனுசரிச்சு…"

வெளியே ஒரு ஹாரன். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி ஜன்னல்.

சங்கரபாண்டியன் அந்த முகத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வாயில் இருந்த வார்த்தை வாயிலேயே நின்றது.

துரு படிந்த டீச்சரின் இரண்டு கைகள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

அடக் கடவுளே! ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தா ஷட்டர் ஏறியிருக்குமே! பக்கத்துலயே சைக்கிள் கடை!

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை.

"சார், என்னைப் பத்தி அப்புறம் சொல்றேன். அந்த லாரியெல்லாம் ஏன் நிக்குது?"

மேனேஜர் நிமிர்ந்தார். இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாகச் சங்கரபாண்டியனின் முகத்தைப் பார்த்தார்.

"அதை ஏங்க கேக்குறீங்க. குடோன்ல இறக்க இடமில்ல. பழைய பொதியெல்லாம் உள்ளே மாட்டிக்கிச்சு. அதை மறிச்சு முன்னால புதுசை அடுக்கிட்டாங்க. எதையும் எடுக்க முடியல, வைக்க முடியல."

"குடோனுக்குப் பின்வாசல் இல்லையா சார்?"

"இருக்கு. பூட்டித்தான் கெடக்கு."

"ஏன் பூட்டியிருக்கு?"

மேனேஜர் யோசித்தார். "நான் வந்ததுலேருந்து அப்படித்தான் இருக்கு."

"சாவி?"

"வாட்ச்மேன்கிட்ட இருக்கணும்."

"பின்வாசலைத் திறந்தா பழைய பொதியை அந்த வழியா எடுத்து மில்லுக்கு அனுப்பலாம். உள்ளே இடம் விழ விழ முன்னால இறக்கிக்கிட்டே வரலாம். நேர்ல பார்த்தாத்தான் முடிவாச் சொல்ல முடியும். பார்க்கலாமா சார்?"

கேட்டபோதே எழுந்துவிட்டார். தான் நாற்காலியை விட்டு எழுந்ததே அவருக்குத் தெரியாது. மேனேஜரும் எழுந்தார்.

இரண்டு பேரும் வெயிலில் நடந்தார்கள். வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். பூட்டுக்குள் சாவி நுழைந்தது, திரும்ப மாட்டேன் என்றது.

"கொஞ்சம் எண்ணெய் கொண்டாங்க," என்றார் சங்கரபாண்டியன், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே.

மேனேஜர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"சங்கரபாண்டியன்."

"எப்ப வந்து சேர முடியும்?"

எண்ணெய் விட்டதும் பூட்டு திறந்துகொண்டது.

"முதல்ல இந்த லாரிகளை அனுப்பிட்டுச் சொல்றேன் சார்."