தலைமையாசிரியர் கேட்ட ஆள்

பையனென்று பள்ளியில் சேர்த்த பிள்ளை ஒன்று, "நான் பொண்ணுதான்" என்று சொல்லி யாழினி என்று பேர் வைத்துக்கொண்டது. மலர்க்கொடி டீச்சரும் அப்படியே கூப்பிட்டார்.

தலைமையாசிரியர் தமிழ்வேந்தன் மீசையை முறுக்கினார். "பெத்தவங்க வெச்ச பேரை மாத்திக்கிட்டு மதிப்பா வாழுற ஒரு ஆளை நாளைக்குக் காட்டும்மா. இல்லேன்னா பழைய பேருதான்."

பழைய பேரென்றால் யாழினி படிப்பையே விட்டுவிடுவாள். டீச்சரோ தலைமையாசிரியரின் ஊருக்கே வாக்கப்பட்டவர்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் டீச்சர் மைக்கைப் பிடித்தார். "இப்போது தலைமையாசிரியர் குப்புசாமி ஐயா பேசுவார்."

பிள்ளைகள் திருதிருவென்று விழிக்க, தமிழ்வேந்தன் பதறி ஓடிவந்தார். "ஏம்மா, பிள்ளை தங்கணும்னு குப்பையில புரட்டி எங்கம்மா வெச்ச பேரு அது. நான் ஆசையா வெச்சுக்கிட்ட பேரு இருக்கையில அதை ஏன் இழுக்கிற?"

"நீங்க கேட்ட ஆளைக் காட்டினேங்க ஐயா."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"யாழினி, வந்து உறுதிமொழி சொல்லும்மா" என்றார்.

ரெட்டைச் சடை ஆட ஓடிவந்தாள் யாழினி.