சீஸ் பப்ஸுக்குள் சூடு ஆறாத கதை

அந்தக் காலத்தில் மாவுக்கும் நெருப்புக்கும்கூட வாய் இருந்தது. பானை கிண்டல் பண்ணும், பூனை எதிர்ப்பேச்சு பேசும். அடுக்களைக்குள் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து அழக்கூட முடியாது.

அப்போது பனி இறங்கும் ஒரு மலையூரில், ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஓரகத்திகள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் ரோசலி, இளையவள் பிலோமி. ரோசலிக்குப் பிள்ளை இல்லை. பிலோமிக்கு ஒரே பையன், லியோன்.

ரோசலியின் கை, சீஸுக்குப் பேர்போன கை. பாலைத் திரியவைத்து, துணியில் முடிந்து, மேலே கல்லை ஏற்றி, உப்பிட்டு அவள் எடுக்கும் கட்டியில் ஒரு விள்ளல் தின்றவர்கள் மறுபடி அந்த வீட்டுப் பக்கம் வர ஏதாவது சாக்கு தேடுவார்கள். பிலோமிக்கு வந்ததெல்லாம் தட்டை அப்பம்தான். “பிலோமி அப்பத்தைத் தட்டினால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்குதே!” என்று மாமியார் செசிலி சொன்னால் வீடே சிரிக்கும். ரோசலியும் சிரிப்பாள்.

அதைக்கூடப் பிலோமி பொறுத்துக்கொண்டாள். லியோன் செய்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. இடுப்பில் சும்மா இருக்கிறவன், ரோசலி அந்தப் பக்கம் போனால் போதும், பாய்வான். அவள் முந்தானையில் பால் வாசம். அவள் விரலில் எப்போதும் ஒரு துளி சீஸ். “பெம்மா, பெம்மா” என்பான். பெரியம்மாவாம்! அம்மா என்று இன்னும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்கு ஒரு வயது நிறைகிற அன்று ஊரைக் கூட்டி, பாயில் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு வைப்பார்கள். பிள்ளை யார் தட்டுக்குத் தவழ்ந்து போகிறதோ, இனி அவள்தான் அதற்குச் சோறு ஊட்டுவாள். பெற்றவள் என்று எந்தச் சலுகையும் கிடையாது.

அந்த நாளும் வந்தது. பிலோமி அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து குரல்கள் கேட்டன.

“ரோசலி இருக்கும்போது பிள்ளை வேறு எங்கே போகும்?”

பிலோமி மாவின் மேல் வெண்ணெயைப் பூசி மடித்தாள். ஓங்கித் தேய்த்தாள்.

“பெத்ததுதான் பிலோமி. முகஜாடையைப் பாரேன், அப்படியே ரோசலி!”

மறுபடி வெண்ணெய். மறுபடி மடிப்பு.

“போதும் தாயே,” என்று மாவு முனகியது. “காதில் விழுந்ததையெல்லாம் என் மேல் மடித்தால் நான் என்னத்துக்கு ஆவேன்?”

“சும்மா கிட.”

உறிக்குக் கீழே படுத்திருந்த பூனை கண்ணைத் திறக்காமலே சொன்னது: “மடி, மடி, நன்றாக மடி. பிள்ளை மூக்கைத்தான் நம்பும். மூக்கு சீஸ் பக்கம்தான் போகும்.”

பிலோமியின் கை நின்றது. அண்ணாந்து பார்த்தாள். உறியில் ரோசலியின் சீஸ்கட்டி, துணி விலகி, நிலா மாதிரி இருந்தது. ரோசலி வாசலில் விருந்தாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எடுத்துவிட்டாள்.

“ஏய், எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய்? ரோசலி எங்கே?” என்று சீஸ் பதறியது.

பதில் சொல்லாமல் அதைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒவ்வொன்றையும் மடித்த மாவுக்குள் வைத்து மூடினாள். ஓரத்தைச் சுற்றி விரல்நுனியால் அழுத்தி அழுத்தி, அது கத்த முடியாதபடி வாயை அடைத்தாள். கூண்டு அடுப்புக்குள் தள்ளினாள்.

“உள்ளே என்ன?” என்று கேட்டது நெருப்பு.

“ஒன்றுமில்லை.”

“ஒன்றுமில்லாததா இந்த முனகு முனகுகிறது?”

சீஸ் உருகியது, கொதித்தது, குமுறியது. அதன் ஆவி தாங்காமல் மாவின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழும்பிப் பொன்னிறமாக உப்பியது. விருந்தாளிகள் பாயில் சரியாக உட்கார்ந்து முடிப்பதற்குள் வெந்தும்விட்டது. எழுந்த வாசத்தில் கூடமே வாயடைத்துப் போனது.

ரோசலி உறியைப் பார்த்தாள். மேலே கீழே தேடினாள். கடைசியில் வெறும் தட்டைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. பிலோமி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லியோனை நடுவில் இறக்கிவிட்டார்கள். பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் பக்கம் ஒரு கை எடுத்து வைத்தான். பிறகு மூக்கை உயர்த்தினான். விறுவிறுவென்று பிலோமியின் தட்டுக்குத் தவழ்ந்து போய் ஒன்றைப் பற்றிக்கொண்டான்.

“அட! பெத்தவளிடமே போய்விட்டதே!” என்றாள் செசிலி.

பிலோமியின் நெஞ்சு குளிர்ந்தது. அவன் கையிலிருந்த அப்பத்தின் மேல்தோல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பிள்ளை வாயைத் திறந்தான். இரண்டே இரண்டு அரிசிப்பல்.

உள்ளே என்ன கொதிக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் திருட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால்...

பாய்ந்து அதைப் பிடுங்கித் தன் வாயிலேயே வைத்துக் கடித்தாள்.

நாக்கு வெந்தது. கண்ணில் நீர் கொட்டியது. வெடுக்கென்று வெளியே இழுத்தாள். அவள் உதட்டுக்கும் கையிலிருந்த அப்பத்துக்கும் நடுவே நீளமாக, அறாமல், வெள்ளையாக ஒரு சீஸ் நூல் தொங்கியது. ஊரே பார்த்தது.

“அடியே பிலோமி,” என்றாள் செசிலி, “திருடின வாய் நூல் நூற்கிறதே!”

கூடம் குலுங்கிச் சிரித்தது. ரோசலி சிரிக்கவில்லை. எழுந்து வந்து அந்த நூலை விரலால் அறுத்தாள்.

“சீஸ் என்னுடையது. பிள்ளை என் தட்டுக்குத்தான் வந்திருக்கிறான்.”

“மடிப்பு என்னுது அக்கா,” என்றாள் பிலோமி, வெந்த நாக்கோடு. “பிள்ளையும் என்னுது.”

இருவர் பங்கையும் பிரித்துக் கொடுக்கப் பெரியவர்கள் முயன்று பார்த்தார்கள். சீஸை எடுத்தால் மாவும் சேர்ந்து வந்தது, மாவை உரித்தால் சீஸும் ஒட்டிக்கொண்டு வந்தது. பொறுமையிழந்த விருந்தாளிகள் தட்டிலிருந்ததை ஆளுக்கொன்றாகத் தின்றே தீர்த்துவிட்டார்கள். பிலோமி கடித்துவைத்த அந்த ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை இரண்டாகப் பிட்டு, ஆளுக்கொரு பாதியாக ஓரகத்திகள் லியோனுக்கு ஊட்டினார்கள். எந்தப் பாதியை முதலில் விழுங்குகிறான் என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஊட்டினார்கள்.

வாயடைபட்ட சீஸ் அதற்குப் பிறகு யாரோடும் பேசவில்லை. ஆனால் அதன் ஆத்திரம் தீரவில்லை. அன்று முதல்தான் விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் எல்லாவற்றுக்கும் முதலில் சீஸ் பப்ஸ் வந்து நிற்கிறது. தொட்டால் ஆறிவிட்டதுபோல இருந்தாலும் உள்ளே சூடு ஆறாமல் காத்திருக்கிறது. பெற்றவளும் அதைப் பிட்டு, ஊதி, தன் நாக்கில் வைத்துப் பார்க்காமல் பிள்ளை வாயருகே கொண்டுபோவதில்லை.