ஆற்றில் நின்றவள்

ஆற்றுக்கு இக்கரையில் செங்குளநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை மாறவேள் என்ற ராஜா ஆண்ட காலம் அது. காலையில் யானையைப் பரிசாகக் கொடுப்பான். மாலையில் அதே யானையைத் திருப்பிக் கேட்பான். கதை கேட்கும் ஆசை மட்டும் அவனிடம் மாறாமல் இருந்தது.

ஏகாம்பரக் கவிராயர் என்ற புலவர் ஏழு கடல் தாண்டிய ஓர் இளவரசனைப் பற்றிப் பெருங்காப்பியம் பாட வந்தார். "நாற்பது நாளில் மங்களம்" என்றார். திருவிழாவுக்குச் செய்வதுபோல அம்மன் சன்னதியில் ராஜாவுக்கும் அரண்மனை ஆட்கள் அத்தனை பேருக்கும் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது. கவிராயர் மங்களம் பாடினால்தான் காப்பு அவிழும். நாற்பது நாள்தானே என்று எல்லோரும் கையை நீட்டினார்கள்.

பதினோரு வருஷம் ஓடிப்போயிற்று. கவிராயர் மூன்றாம் கடலில் இருந்தார்.

சபையில் விளக்கேற்றுகிறவள் காத்தாயி. ஒரு மாலைகூட விடாமல் தூணோரம் நின்று கேட்டவள். முதல் நாலு வருஷம் பொழுது எப்போது சாயும் என்றே வாழ்ந்தாள். இளவரசன் தன் கிழட்டுக் குதிரையை விட்டுப் பிரிந்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு கதைக்குள் இளவரசனின் மாமன்மார் வந்தார்கள். மாமன்மாரின் நாடுகள் வந்தன. ஒரு விருந்தில் பரிமாறிய கறிவகைகள் மட்டும் ஒன்பது நாள் வந்தன. இதற்கு நடுவில் நீலவேணி என்பவள், தலைமேல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினாள். தண்ணீர் மார்பைத் தொட்ட இடத்தில், "அது நிற்க" என்று கவிராயர் வேறு பக்கம் போய்விட்டார். ஏழு வருஷமாக அவள் அங்கேயே நிற்கிறாள்.

காத்தாயி வளர்த்த தங்கை செம்பாயி அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கையில் காப்பு இருப்பதால் காத்தாயி ஆற்றைத் தாண்ட முடியாது; செம்பாயியைப் புகுந்த வீட்டில் அனுப்புவதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு கரையில் நின்று கத்திப் பேசுவார்கள். "அக்கா" என்பது மட்டும் வந்து சேரும். மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். அந்த ஆனி மாதம் பரிசல்காரன் சேதி கொண்டுவந்தான்: "அக்கா, இது மூணாவது. முதல் ரெண்டும் தங்கலை. ஆவணியில நாள் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை நீ பக்கத்துல இரு."

அன்று மாலை கவிராயர் தொடங்கினார்: "எட்டாம் மாமனின் குதிரைக்காரனுக்கு ஒரு மைத்துனன் இருந்தான்..."

ராஜா துள்ளி எழுந்தான். "நிறுத்தும்! யாரய்யா இவன்?"

"பொறுமை, பிரபு. பின்னால் வேண்டியிருப்பான்."

"எப்போது? என் பேரனுக்குப் பட்டம் கட்டும்போதா? பத்து நாளில் முடியாவிட்டால் உம் நாக்கை அறுப்பேன்!"

"நாக்கு போனால் மங்களம் யார் பாடுவது, பிரபு?" என்றார் கவிராயர் பணிவாக. ராஜா உட்கார்ந்துவிட்டான்.

வெகுநாள் பொறாமையில் வெந்துகொண்டிருந்த சொக்கப்ப பண்டிதர் எழுந்தார். "இதென்ன பெரிய வித்தை! ஒரே பாட்டில் நான் முடிக்கிறேன்" என்று கனைத்துக்கொண்டு பாடினார். ஏழு கடலும் பொங்கின, எல்லோரும் மூழ்கினார்கள், சுபம்.

வாயிற்காவலன் குலுங்கி அழுதான்.

"பதினோரு வருஷம் வளர்த்த பிள்ளைகளை ஒரு மூச்சில் கொன்றீரே, நீர் மனிதரா? உட்காரும்!" என்று சீறினான் ராஜா.

காத்தாயி தூணை விட்டு முன்னால் வந்தாள். "மகாராஜா, கதையில பாதியில நிக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அகல் ஏத்த உத்தரவு வேணும். யார் கதை முடியுதோ அவங்க விளக்கை மலையேத்திடலாம். எண்ணெய் மட்டும் கவிராயர் கையால ஊத்தணும். ஊத்தின பிறகுதான் பாட்டு. பெத்தவர்தானே பசியாத்தணும்?"

ராஜா தலையசைத்தான். கவிராயர் சிரித்தார். "பதினைந்து இருபது அகல் வருமா? ஊற்றுகிறேன், தாயே."

மறுநாள் முந்நூற்றுப் பன்னிரண்டு அகல்கள் எரிந்தன. கவிராயர் எண்ணெய்க் கிண்ணத்தோடு குனிந்தபடி நகர்ந்தார்.

"இது யார்?"

"நீங்க கிணத்துல இறக்கின தச்சன், ஐயா. இன்னும் கயிறு போடலை."

"இது?"

"கல்யாணப் பந்தல்ல உக்காந்திருக்கிற பொண்ணு. மாப்பிள்ளையை நாலாம் வருஷம் வேட்டைக்கு அனுப்பிச்சீங்க."

கடைசி அகலுக்கு வந்தபோது சபை கலையும் நேரம். முதுகு நிமிரவில்லை. மூன்றாம் நாள் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவசரமாகத் தச்சனுக்குக் கயிறு போட்டார். பிறகு மாப்பிள்ளை திரும்பினான், மாமன்மார் தத்தம் ஊர் போனார்கள், இளவரசன் ஏழாம் கடலும் தாண்டித் தன் குதிரையைக் கண்டான். தினமும் அகல்கள் குறைந்தன. அணைந்த அகல்களைக் கழுவி அடுக்கும் வேலையை ராஜா சொக்கப்ப பண்டிதருக்குக் கொடுத்தான்.

ஆவணி பிறந்தது. ஒரே ஓர் அகல் மிச்சம். கவிராயர் அதற்கு எண்ணெய் ஊற்றிவிட்டுப் பாடாமல் உட்கார்ந்திருந்தார். மூன்று மாலை அப்படியே போயின.

காத்தாயி திரியைத் தூண்டுவதுபோல் குனிந்தாள். "என்னங்கய்யா?"

"இவளையும் கரையேற்றிவிட்டால், நாளைக்கு என்னைப் பார்த்து 'அப்புறம்?' என்று கேட்க யார் இருக்கிறார்கள், காத்தாயி?"

"தெரியலைங்கய்யா. ஆனா அவ ஏழு வருஷமா குழந்தையைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறா. கை வலிக்கும்."

கவிராயர் கண்ணை மூடினார். நாலே வரிதான் பாடினார். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, பிறகு மணல் வந்தது. நீலவேணி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அடுத்து மங்களம். காத்தாயி ஒரு பூவால் சுடரை மலையேற்றினாள்.

ராஜா முத்துமாலையைக் கழற்றிக் காத்தாயியிடம் நீட்டினான்.

"காப்பை அவிழ்த்துவிடுங்க, மகாராஜா. அது போதும்."

பதினோரு வருஷ முடிச்சு இறுகிக் கிடந்தது. ராஜா நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தான். பிறகு கவிராயர் பக்கம் திரும்பினான். "நாளைக்கு வாரும், வேறு கதை கேட்கலாம். ஆனால் இனி என் நாட்டில் கதைக்குக் காப்புக் கட்டுவது கிடையாது!"

மறுநாள் விடிந்தபோது பரிசல் அக்கரையில் இருந்தது. இன்னும் காத்திருக்கக் காத்தாயிக்கு மனம் இல்லை. இடுப்பளவு தண்ணீர்தான். மூட்டையைத் தலையில் வைத்து இறங்கினாள். அக்கரையில் நிறைவயிற்றோடு ஓர் உருவம் கையை ஆட்டியது. "அக்கா" என்ற சொல் முதலில் வந்தது. அவள் நடக்க நடக்க, மிச்சமும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.