ஓசூர் போய் வந்த கல்

சங்ககிரியில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை, ஓட்டுநர்களுக்கும் பஞ்சமில்லை. அறிவுக்குப் பஞ்சம் வந்த ஆண்டில்தான் செங்கோடன், காளியண்ணன், அங்கமுத்து என்ற மூவரும் ட்ரெய்லர் ஓட்டும் வேலை கேட்டுப் பாவாயம்மாளின் லாரி செட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். செங்கோடனுக்கு வண்டி ஓட்டத் தெரியும். காளியண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அங்கமுத்துவுக்கு அவர்கள் இருவரையும் தெரியும்.

மூவரில் செங்கோடனுக்கே அவசரம் அதிகம். "வேலை கிடைத்த அன்றைக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லி, அவன் மனைவியை மாமனார் எடப்பாடிக்கு அழைத்துப் போய் நான்கு மாதங்களாகியிருந்தன.

பாவாயம்மாள் சொற்களை வீணாக்குகிறவர் அல்லர். பக்கப் பலகைகள் இல்லாத, வெறும் மேடை போன்ற நீண்ட ட்ரெய்லரைக் காட்டினார். நடுவில் ஒரே ஒரு கருங்கல் பாளம் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தது.

"இதை ஓசூர் பாலிஷ் பட்டறையில எறக்கிட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வண்டிக்கு வெளிய எது நீட்டிக்கிட்டிருந்தாலும் நுனியில செவப்புத் துணி கட்டோணும். திரும்பும்போது வண்டி காலியா வரக்கூடாது. டீசல் என்ன ஆத்துத் தண்ணியா? இந்த ஒரு நடை ஒழுங்கா முடிச்சா மூணு பேருக்கும் வேலை."

தொப்பூர்க் கணவாயில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். ஜன்னலுக்கு வெளியே காளியண்ணனின் முழங்கை. அதில் சிவப்புத் துணி.

"கையில என்னய்யா காயம்?"

"காயமில்லீங்க. நீட்டிக்கிட்டிருக்குதுங்க."

"உள்ள இழுத்துக்க வேண்டியதுதானே?"

"இழுக்கச் சொல்லலீங்க. கட்டத்தான் சொன்னாங்க."

போலீஸ்காரர் போகச் சொன்னார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஓசூரில் கல் பத்திரமாக இறங்கியது. கையெழுத்தும் கிடைத்தது. புத்தியுள்ளவர்களின் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் திரும்புகிற வண்டிக்கு லோடு கேட்டு ஊரிலிருந்த புக்கிங் ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கியும் ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லை. மூவரும் வண்டியின் நிழலில் அமர்ந்து ஆலோசித்தார்கள்.

"காலியாப் போனா வேலை போச்சு," என்றான் செங்கோடன்.

"காலியாப் போகாம இருக்கோணும்னா ஏதாச்சும் ஏத்தோணும்," என்றான் காளியண்ணன். படித்தவன் அல்லவா.

அங்கமுத்து வெகுநேரம் பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாப்ள, அதோ ஒரு கல்லு கெடக்குது."

"அது நாம எறக்குன கல்லுடா."

"அதனாலதான் சொல்றேன். நம்ம வண்டிக்குச் சரியா இருக்குமான்னு அளந்து பாக்கக்கூட வேண்டாம்."

பட்டறைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். கிரேன்காரர் சொன்னதைச் செய்கிறவர்.

சங்ககிரியில் பாவாயம்மாள் அந்தக் கல்லை நெடுநேரம் பார்த்தார். அதுவாவது விளக்கம் சொல்லும் என்று எதிர்பார்த்தார் போலும்.

"இது என்ன?"

"ரிட்டன் லோடுங்க," என்றான் செங்கோடன் பெருமையாக.

பாவாயம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். "இதைத் திரும்பக் கொண்டுபோய் எறக்குங்க. எறக்கிட்டு வண்டி காலியா வரோணும். ஒரு துரும்பு இருக்கக்கூடாது அதுல. இதையும் கெடுத்தா வேலை கெடையாது. புரியுதா?"

மூவரும் புரிந்தது என்றார்கள். அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூவரும் சேலம் பஸ்ஸிலிருந்து இறங்கி லாரி செட்டு வாசலுக்கு வந்து, சாலையைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள்.

"கல்லு என்னாச்சு?"

"எறக்கியாச்சுங்க. கையெழுத்துங்க," என்று காளியண்ணன் தாளை நீட்டினான். அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"வண்டி எங்க?"

"வந்துக்கிட்டிருக்குங்க."

"யாரு ஓட்டிட்டு வர்றாங்க?"

செங்கோடன் இப்படியொரு கேள்வியை முதலாளியிடம் எதிர்பார்க்கவில்லை. "ஆளு உக்காந்துட்டா அப்புறம் காலின்னு எப்படிங்க சொல்றது? சாவியை அதுலயே வெச்சுட்டு, நாங்க பஸ்ஸுல வந்துட்டோமுங்க."

பாவாயம்மாள் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டார். "தானா எப்படிடா வரும்?"

"ஒருக்கா நாங்களே கூட இருந்து வழி காட்டியிருக்கோமுங்களே," என்ற செங்கோடன், எடப்பாடிக்குப் போன் செய்து மனைவியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பி, மறுபடி சாலையை எட்டிப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்கம்மா. தனியா வர்றதுல அதுக்கு இதுதானுங்களே மொத நடை."