தாளாளர் ஏறி நின்ற மணல்

ஒரு பொறியியல் கல்லூரியில் சந்தனமாரி என்றொரு உதவிப் பேராசிரியை இருந்தாள். மண்ணின் பலம்தான் அவளுக்குப் பாடம், ஆராய்ச்சி எல்லாம். வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை.

தாளாளர் கந்தப்பன் கல்லூரிக் குளத்தை மணல் போட்டு மூடி, அதன்மேல் பெண்கள் விடுதி கட்டக் கிளம்பினார். "இடம் உறுதின்னு எழுதிக் குடும்மா. முடியாதுன்னா வேற வேலை தேடிக்கோ" என்றார்.

சந்தனமாரி பயத்தை முகத்தில் காட்டாமல், "எழுதிடலாம் சார். அந்த மணலை ஆய்வுக்கூடத் தொட்டியில நிரப்பி வைக்கிறேன், நீங்களே வந்து மேல ஏறி நின்னு காட்டிட்டா எனக்கும் தைரியமா இருக்கும்" என்றாள்.

மறுநாள் மாணவர்கள் சூழ்ந்து நிற்க, தாளாளர் மணல் நிரப்பிய தொட்டியில் ஏறினார். குதித்தும் பார்த்தார். மணல் அசையவில்லை.

"பாத்தியா? யானையே நிக்கும்!"

"நிக்கும் சார். இப்ப மழைக்காலம்னு வச்சுக்குவோம்" என்று சந்தனமாரி தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டாள். கீழிருந்து தண்ணீர் ஊறி மேலேறியது. மணல் கஞ்சியாய் இளகியது. வெள்ளை வேட்டியோடு தாளாளர் முழங்கால்வரை இறங்கிவிட்டார்.

"ஐயோ, தூக்குங்கடா!"

நாலு மாணவர்கள் கைகொடுத்து அவரை இழுத்து வெளியே போட்டார்கள். சந்தனமாரி துண்டை நீட்டியபடி பணிவாகக் கேட்டாள்: "உங்களைத் தூக்க நாலு பேர் இருந்தாங்க சார். விடுதியை யார் தூக்குவாங்க?"

கூடமே சிரித்தது. வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த தாளாளருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. விடுதி மைதானத்துக்கு மேற்கே பாறை மேட்டில் எழுந்தது. அந்த வருஷமே சந்தனமாரியின் வேலையும் உறுதியாயிற்று.