கெண்டிக்கு ஒரு மூக்கு

"அவங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டா நமக்குத் தூக்கம் போகும், சிரிச்சுக்கிட்டா..." என்று எங்கள் பெரியப்பா ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னார். சிரித்துக்கொண்டால் என்ன போகும் என்பதையும் சொன்னார்தான். எனக்கு அது மறந்துவிட்டது. அவர் தொடர்ந்து சொன்ன கதை மட்டும் மறக்கவில்லை.

முன்னொரு காலத்தில் இடைமலை என்கிற சின்ன நாட்டைப் பூதியன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வடக்கே கருங்கோட்டை, தெற்கே ஆழியூர். இரண்டும் பெரிய நாடுகள், பரம விரோதிகள். நடுவில் இருந்த ஒரே கணவாய் பூதியனுடையது. இங்கிருந்து அங்கே ஓர் ஈ போவதென்றாலும் அவனைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

அவனுடைய மந்திரி நக்கண்ணன் சிம்மாசனத்துக்கு அடியில் சக்கரம் வைத்திருந்தான். வடக்குத் தூதர் வந்தால் சிம்மாசனம் வடக்கே திரும்பும். "எப்போதும் உங்கள் அரசர் இருக்கும் திசையைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்பான் ராஜா. தெற்குத் தூதர் வந்தால் தெற்கே திரும்பி அதையே சொல்வான். வடக்கிலிருந்து குதிரை வரும், தெற்கிலிருந்து முத்து வரும். நாடு பிழைத்துக் கிடந்தது.

சிம்மாசனத்தைத் தள்ளுகிற வேலை தளபதி விடங்கருக்கு. ராஜாவுக்குக் குஷி பிறந்தால் தூதர் வராத நாளிலும் சுற்றச் சொல்வான்.

"நான் வாள் பிடிக்க வந்தவன் மகாராஜா, வண்டி தள்ள வந்தவன் இல்லை" என்று விடங்கர் முணுமுணுப்பார்.

"தள்ளும் ஓய்! உம்முடைய வாள் காப்பாற்றியதைவிட இந்தச் சக்கரம் காப்பாற்றியது அதிகம்" என்பான் நக்கண்ணன். சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றையும் விடங்கர் மனசில் முடிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் இரண்டு தூதர்களும் ஒரே பல்லக்கில் வந்து இறங்கினார்கள். எந்தப் பக்கம் தள்ளுவதென்று விடங்கருக்குத் தெரியவில்லை. ராஜா பாதி திரும்பியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கள் இளவரசிக்கும் ஆழியூர் இளவரசருக்கும் கல்யாணம்" என்றார் வடக்குத் தூதர்.

"மணமக்களுக்குச் சீராக இடைமலையைக் கொடுத்துவிடுங்கள்" என்றார் தெற்குத் தூதர், வெற்றிலை கேட்கிற மாதிரி. "நாளைக் காலை வாங்கிக்கொள்கிறோம். தராவிட்டால் எல்லையில் காத்து நிற்கிற இரண்டு படையும் சேர்ந்து வரும்."

அவர்கள் விருந்துக்குப் போனதும் ராஜா கத்தினான். "ஓய் மந்திரி! நாட்டைக் காப்பாற்றினால் இந்த ரத்தின மாலை உமக்கு. இல்லையென்றால் உம்முடைய தலை எனக்கு."

"அவர்கள் சிரிப்பை ஒரு கெண்டித் தண்ணீரில் நிறுத்திவிடலாம் மகாராஜா. ஆனால் சிரிப்பு நின்றால் மோதுவார்கள். படை நிற்கச் சமதரை கீழ்ச்சரிவில்தான் இருக்கிறது."

கீழ்ச்சரிவு விடங்கரின் ஊர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றான் ராஜா.

நக்கண்ணன் விடங்கர் பக்கம் திரும்பினான். "இன்றைக்கே ஊரைக் காலி பண்ணச் சொல்லும் ஓய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை."

விடங்கர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாள் காத்திருந்த சிரிப்பு! "கெண்டித் தண்ணீரில் யுத்தமா? உம்ம வாய்ச்சவடாலை நம்பி என் பெண்டாட்டி சட்டி பானையோடு தெருவில் ஓடணுமோ? நாளைக்கு உம்ம தலை உருளும்போது நானே மாலை போடுகிறேன்."

மறுநாள் காலை சபையில் நக்கண்ணன் கெண்டியோடு நின்றான்.

"சீரைத் தாரை வார்த்துத்தான் தருவோம். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் கைமேல் கை வைத்து வாங்க வேண்டும். இது எங்கள் வழக்கம்."

"பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால்?" என்றார் வடக்குத் தூதர்.

"கெண்டிக்கு ஒரு மூக்குதானே ஐயா. தாரை அறுந்தால் தானம் செல்லாது."

"அப்படியானால் நாட்டைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள்" என்றார் தெற்குத் தூதர்.

"மணமக்கள் சீரை வெட்டுவதா? வாயைக் கழுவுங்கள்!"

வடக்குத் தூதர் கையை நீட்டினார். தெற்குத் தூதர் அதன்மேல் தன் கையை வைத்தார். தண்ணீர் விழப் போகிற நேரத்தில் நக்கண்ணன் மெதுவாகக் கேட்டான்: "மேல் கையில் வழிந்ததுதானே கீழ்க்கைக்கு வரும்? கருங்கோட்டையார் ஆழியூராரிடம் வாங்கிக்கொண்டதாக ஓலையில் எழுதிவிடலாமா?"

வடக்குத் தூதர் கையை வெடுக்கென்று இழுத்தார். "பெண் கொடுக்கிறவன் என்றால் கீழே நிற்கிறவனா? உன் கையைக் கீழே வை!"

"பிள்ளை வீட்டுக்காரனுக்கு எச்சில் தண்ணீரா? முதலில் பெண்ணுக்குச் சீதனம் ஒழுங்காகக் கொடுங்களய்யா!"

அப்புறம் முத்தும் குதிரையும் பாட்டன் காலத்துத் தோல்விகளும் பேச்சில் வந்தன. வந்த பல்லக்கில் யார் ஏறுவது என்பதற்கும் சண்டை. கடைசியில் இருவரும் நடந்தே போனார்கள். கல்யாணம் நின்றது.

ராஜா ரத்தின மாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். "பார்த்தீரா விடங்கரே! இனி வாயைத் திறப்பீரா?" என்று அவரைச் சிம்மாசனத்தோடு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றவைத்தான். சபை கைகொட்டிச் சிரித்தது. விடங்கர் தள்ளிக்கொண்டே வாசலைப் பார்த்தார். சுற்று முடிந்ததும் குதிரையேறி ஊருக்குப் பறந்தார்.

படைகள் முந்திக்கொண்டன. கீழ்ச்சரிவில் கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. அவர் வீட்டில் மூன்று பேரையும் ஒரே குழியில் வைத்தார்கள். அறுவடைக்கு இருந்த வயலில் நடந்தால் காலில் எலும்பு இடறியது. இரண்டு நாடுகளும் களைத்துத் திரும்பின. இடைமலைக்கு மறுபடி வடக்கிலிருந்து குதிரையும் தெற்கிலிருந்து முத்தும் வந்தன.

மறுவருஷம் கருங்கோட்டையிலிருந்து ஒரு கிழத்தூதர் தனியாக வந்தார். "ஆழியூரில் சமாதானம் பேசப் போகிறேன். கணவாயைத் திறந்துவிடுங்கள்" என்றார்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு ராஜா சபையைக் கேட்டான்.

"அவர் போய்ச் சேர்ந்தால் நாடு இல்லை மகாராஜா" என்றான் நக்கண்ணன். மாலை கழுத்தில்தான் இருந்தது. "போகாவிட்டால் திரும்ப மோதுவார்கள். அதே இடத்தில்."

விடங்கர் முன்னே வந்தார். குரலில் கோபம்கூட இல்லை. "மிச்சம் இருக்கிற ஜனம் இப்போதுதான் கூரை போட்டிருக்கிறது மகாராஜா. இந்தப் பக்கம் ராஜா யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கதவைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறவரைக்கும் இந்தச் சிம்மாசனத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா மந்திரியைப் பார்த்தான், தளபதியைப் பார்த்தான், தான் உட்கார்ந்திருந்த சிம்மாசனத்தின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தான்.

கணவாய்க் கதவைச் சாத்தச் சொன்னான்.