புறா இறங்கும்வரை பூனைக்குப் பூட்டு

அன்று பிலோமினா வீட்டு மொட்டை மாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: பூனை வளர்த்த பிலோமினா, பக்கத்து வீட்டுப் பூட்டுத் தொழிலாளி ஞானப்பிரகாசம், அவர் மனைவி ரெஜினா, பந்தயத்துக்கு நடுவராக வந்த கடிகாரக் கடை இபுறாகிம் ராவுத்தர். மேலே வானத்தில் ஞானப்பிரகாசத்தின் கர்ணப்புறா ஒன்று. கீழே பூட்டிய அறைக்குள் சாம்பல் நிறப் பூனை ஒன்று.

திண்டுக்கல்லில் அந்தத் தெரு அந்நாளில் பதினேழு வீடுகள் கொண்டது. மாடிகளுக்கு நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். பதினேழு வீட்டுக் கருவாட்டுக்கும் அந்தப் பூனை ஒன்றே காவல், ஒன்றே களவு. அதை வெளியே விடலாமா கூடாதா என்று யாரும் பேசியதில்லை, முந்தின வருஷத்துப் புறாப் பந்தயம் வரையில்.

காலையில் விட்ட புறா அதிக நேரம் பறக்க வேண்டும். இருட்டுமுன் சொந்த மாடியில் இறங்கவும் வேண்டும். இறங்கும்வரை அந்த மாடியில் ஆள் ஏறினால் பந்தயம் செல்லாது. அந்த வருஷம் ஞானப்பிரகாசத்தின் புறா நண்பகலில் தாழ வந்தபோது சுவரில் பூனை உட்கார்ந்திருந்தது. மேலே போன புறா போனதுதான்.

"பூனைய உள்ள போட்டு வைங்கக்கா" என்றார் ஞானப்பிரகாசம்.

"உள்ள போட்டு வைக்க அது என்ன ஊறுகாயா?"

பத்து மாதம் பேச்சில்லை. பிறகு ராவுத்தர் சமரசம் செய்தார். முந்நூற்று அறுபத்து நான்கு நாள் பூனை அதன் இஷ்டம். பந்தய நாள் மட்டும் புறா இறங்கும்வரை அறைக்குள். பிலோமினா வாக்குக் கொடுத்தாள். ஞானப்பிரகாசம் தாமே செய்த பூட்டைக் கொடுத்தார். சாவி ராவுத்தர் பையில்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு பூனையின் பெருத்த வயிறு ஒட்டியிருந்தது. பிலோமினா பதினாறு மாடிகளில் குட்டிகளைத் தேடினாள். புறாக்கூடு இருந்த மாடியில் மட்டும் தேடவில்லை. அங்கிருந்துதான் ஒரு வருஷமாகப் பூனையை விரட்டி வந்தாள்; அங்கே அது போகாது என்று நினைத்தாள். காலை ஆறு மணிக்கு அடைத்தால் நண்பகலில் திறந்துவிடலாம், ஆறு மணி நேரந்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

புறா நண்பகலில் இறங்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. அந்த ஊரில் எந்தப் புறாவும் அதுவரை அப்படிப் பறந்ததில்லை. அப்போது பக்கத்து மாடியில் கூட்டுக்கு அடியிலிருந்து குட்டிகளின் குரல் கேட்டது. கீழே பூனை கதவைப் பிராண்டியது. நான்கு மணிக்குக் குட்டிகளின் குரல் மெலிந்து வந்தது.

"தம்பி, திறந்து விட்டுரட்டுமா?"

"அந்தா தாழ வருது பாருங்கக்கா. இன்னும் அரை மணி."

"ரெண்டு மணிக்கும் அரை மணின்னுதான் சொன்னே."

அவள் ராவுத்தரைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் சம்மதிச்சா சாவி தர்றேம்மா. ஒருத்தர் பேச்சுக்கு நான் எடுக்க முடியாது" என்றார் அவர்.

பிலோமினா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி உட்கார்ந்துவிட்டாள். வாக்கு அவள் வாக்கு.

ரெஜினா கீழே இறங்கினாள். சுத்தியல் சத்தம் கேட்டது. நல்ல பூட்டு, ஏழு அடி வாங்கியது. பூனை படியேறி, சுவர் தாண்டி, கூட்டுக்கு அடியில் புகுந்தது. ஒரு பனை உயரத்துக்கு இறங்கியிருந்த புறா திரும்பி மேலே ஏறியது.

"நீயா?" என்றார் ஞானப்பிரகாசம்.

"நான்தான்."

வாக்கைக் காத்தாள் பிலோமினா. சாவியைக் காத்தார் ராவுத்தர். பூட்டை உடைத்தாள் ரெஜினா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பிலோமினா திறந்திருந்தால் அடுத்தவர் உழைப்பை எடுத்துத் தான் தருமம் செய்தவளாவாள். ராவுத்தர் சாவியைக் கொடுத்திருந்தால் நடுவரே அல்லர். ரெஜினா யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தவிர, அந்தப் புறாவுக்கு வருஷம் முழுவதும் தீனி வைத்தவள் அவள்தான். தன் வீட்டு நஷ்டத்தில்தான் அவள் இரக்கம் காட்டினாள். ஆகவே அவள் செய்ததே சரி. "அந்தப் பூட்டை அடிச்சிருக்க வேண்டியது என் கை" என்று பிலோமினா பிற்காலத்தில் சொல்வாள். அன்று ஞானப்பிரகாசம் இருட்டும்வரை தானிய டப்பாவைக் குலுக்கிக் கூப்பிட்டார். பிறகு விளக்கோடு மாடியேறிக் கூட்டுக்குள் எண்ணினார்: பன்னிரண்டு புறாக்களில் பதினொன்று. குனிந்து அடியிலும் எண்ணினார். பால் குடிக்கும் குட்டிகள் நான்கு.